ஈஸ்ட்ரோஜனும் பெண் இனப்பெருக்கப் பாதையின் மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருக்குழாய், கருப்பை, கருப்பை வாய், யோனி ஆகிய நான்கு உறுப்புகளிலும் ஓடுவது ஒரே ரத்தம்தான், அதில் வருவதும் ஒரே ஹார்மோன்தான். ஆனாலும் ஒரு இடத்தில் செல் பெருகுகிறது, இன்னொரு இடத்தில் சளி நீர்த்துப்போகிறது, வேறொரு இடத்தில் கிளைக்கோஜன் சேர்கிறது. எந்த மரபணு எழும்பும், எது அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஹார்மோனைவிட அதை வாங்கிக்கொள்ளும் செல்தான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும். பாடமாகப் படிப்பவர்களுக்கும் ஆய்வகத்தில் கை வைக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் என்றால் எது? ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்?

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரு குடும்பப் பெயர். எஸ்ட்ரடையால், எஸ்ட்ரோன், எஸ்ட்ரியால் மூன்றும் அதில் அடக்கம். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் முதன்மையானது எஸ்ட்ரடையால். மாதவிடாய் நின்ற பிறகு எஸ்ட்ரோன் மேலோங்கும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி எஸ்ட்ரியாலை ஏராளமாகச் சுரக்கும்.

சுழற்சியின் தொடக்க நாட்களில் எஸ்ட்ரடையால் ஒரு மில்லி லிட்டருக்கு 20 முதல் 50 பிகோகிராம் வரை இருக்கும். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் 200-ஐத் தாண்டும். மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் பொதுவாக 20-க்குக் கீழே வந்துவிடும். பிகோகிராம் அளவை 3.67-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை பிகோமோல் என்று கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 200 பிகோகிராம் என்பது சுமார் 0.73 நானோமோலார். அதிலும் பெரும்பகுதி அல்புமினோடும் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுதந்திரமாகத் திரிவது 2 சதவீதம் அளவில்தான். செல் வளர்ப்புச் சோதனைகளில் வழக்கமாகப் போடும் 10 நானோமோலார் என்ற அளவு ரத்தத்தின் உச்சத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லுக்குள் நுழைந்த எஸ்ட்ரடையால் ஒரு மரபணுவை எப்படி இயக்குகிறது?

எஸ்ட்ரடையால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. செல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. உள்ளே அதற்காகக் காத்திருப்பது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. சைட்டோபிளாசத்தில் இருக்கும் ஏற்பி ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது என்று பழைய பாடநூல்கள் எழுதின. 1984-இல் வெளியான ஆய்வுகள் அதைத் திருத்தின. ஹார்மோன் வருவதற்கு முன்பே ஏற்பியின் பெரும்பகுதி உட்கருவில்தான் இருக்கிறது.

ஹார்மோன் வராத வரை ஹெச்.எஸ்.பி. 90 போன்ற புரதங்கள் ஏற்பியை அணைத்துப் பிடித்திருக்கும். எஸ்ட்ரடையால் ஏற்பியின் குழிக்குள் உட்கார்ந்ததும் அவை விலகுகின்றன. ஏற்பியின் 12-ஆவது சுருள் ஒரு மூடியைப் போலக் குழியின் மேல் கவிழ்கிறது. கவிழும்போது ஏற்பியின் பரப்பில் ஒரு சிறு பள்ளம் உருவாகிறது. எஸ்.ஆர்.சி. குடும்பத் துணைப் புரதங்கள் வந்து பொருந்துவது அந்தப் பள்ளத்தில்தான். அவற்றின் பின்னாலேயே பி300 போன்ற அசெட்டைல் ஏற்றும் நொதிகள் வந்து, டி.என்.ஏ.வைச் சுருட்டி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் கட்டைத் தளர்த்துகின்றன. மீடியேட்டர் என்ற புரதக் கூட்டமைப்பு வருகிறது, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 வேலையைத் தொடங்குகிறது. இதற்கிடையில் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கும்.

வேலை செய்யும் ஏற்பியைச் செல் உடைத்தும் விடுகிறது. ஹார்மோன் ஏறிய சில மணி நேரத்தில், புரதங்களை உடைக்கும் செல் இயந்திரமான புரோட்டியசோம் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். எஸ்ட்ரடையால் கொடுத்த பின், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஏற்பியின் பட்டை மெலிந்து தெரிந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹார்மோன் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

டி.என்.ஏ.வில் ஏற்பி உட்காரும் இடம் எப்படி இருக்கும்?

முன்மாதிரி வரிசை ஜி-ஜி-டி-சி-ஏ, பிறகு எதுவாகவும் இருக்கக்கூடிய மூன்று எழுத்துகள், பிறகு டி-ஜி-ஏ-சி-சி. மொத்தம் 13 எழுத்துகள். முதல் பாதியை எதிர் இழையில் படித்தால் இரண்டாம் பாதி வரும். ஜோடி சேர்ந்த ஏற்பியின் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு பாதி. இடையில் உள்ள மூன்று எழுத்துகள் இரண்டாகவோ நான்காகவோ மாறினால் பிடிப்பு தளர்ந்துவிடும்.

புத்தகத்தில் இருக்கும் இந்த முழு வரிசை மரபணுத் தொகுப்பில் அரிதாகத்தான் கிடைக்கும். உண்மையில் ஏற்பி உட்காரும் இடங்களில் பல, ஓரிரு எழுத்து பிசகியவை. சில இடங்களில் அரை வரிசை மட்டும் இருக்கும். இன்னும் சில இடங்களில் ஏற்பி டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. அங்கே ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஏ.பி.1 அல்லது எஸ்.பி.1 புரதத்தின் தோளில் ஏறிக்கொள்கிறது. மேலும், இந்த இடங்களில் பெரும்பாலானவை மரபணுவின் வாசலான புரொமோட்டரில் இல்லை. பல ஆயிரம் எழுத்துகள் தள்ளியிருந்து மரபணுவைத் தூண்டும் என்ஹான்சர் பகுதிகளில் இருக்கின்றன, டி.என்.ஏ. வளைந்து வந்து அவை வாசலைத் தொடுகின்றன. ஆகவே புரொமோட்டரில் வரிசை இல்லை என்பதை மட்டும் வைத்து 'இந்த மரபணுவுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் தொடர்பில்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு செல்லில் எந்த என்ஹான்சர் திறந்திருக்கிறது என்பது, முதலில் வந்து அந்த இடத்தைத் திறந்துவைக்கும் முன்னோடிப் புரதங்களைப் பொறுத்தது. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஃபாக்ஸ் ஏ1 இந்த வேலையைச் செய்வது நன்றாகத் தெரிந்த விஷயம். கருப்பைச் செல்லில் திறந்திருக்கும் இடங்கள் வேறு. அதனால் மார்பகச் செல்லில் எடுத்த இலக்குப் பட்டியலைக் கருப்பைக்கு அப்படியே ஒட்டினால் பாதிக் கதை தப்பாகிவிடும்.

ஏற்பி இரண்டு வகை என்கிறார்களே, கருப்பையில் எது முக்கியம்?

ஆல்ஃபா. அதன் மரபணு 6-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஈ.எஸ்.ஆர்.1, புரதத்தில் 595 அமினோ அமிலங்கள். பீட்டா வகை 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் மரபணு 14-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கிரானுலோசா செல்களில்தான் பீட்டாவுக்குப் பெரிய வேலை. கருக்குழாய், கருப்பை, யோனி மூன்றிலும் ஆட்சி ஆல்ஃபாவுடையது.

1993-இல் ஆல்ஃபா ஏற்பி நீக்கப்பட்ட எலிகள் இதைத் தெளிவாக்கின. பெண் எலிகள் பிறந்தன, கருப்பையும் இருந்தது. ஆனால் அது வளராமல் சிறுத்தே கிடந்தது, எஸ்ட்ரடையால் கொடுத்தும் அசையவில்லை. கருப்பை உருவாக இந்த ஏற்பி தேவையில்லை, உருவான பின் ஹார்மோனுக்குச் செவிசாய்க்கத்தான் தேவை. 2013-இல் ஈ.எஸ்.ஆர்.1 மரபணுவில் பிழையுள்ள 18 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வந்தது. அவருக்கு ரத்தத்தில் எஸ்ட்ரடையால் மிக அதிகம், சினைப்பையில் பெரிய நீர்க்கட்டிகள், ஆனால் மார்பக வளர்ச்சி இல்லை, கருப்பை சிறியது.

எஸ்ட்ரடையால் கொடுத்த பின் கருப்பையில் என்ன, எந்த வரிசையில் நடக்கிறது?

சினைப்பை நீக்கிய எலியில் இது மணி பார்த்துச் சொல்லக்கூடிய அளவுக்குத் தெரியும். ஏற்பி சில நிமிடங்களில் நிரம்புகிறது. முதல் சில மணி நேரத்தில் ஃபாஸ் போன்ற உடனடி மரபணுக்களும், ரத்தநாளக் கசிவைக் கூட்டும் வி.இ.ஜி.எஃப். மரபணுவும் எழும்புகின்றன. சுமார் 6 மணி நேரத்தில் கருப்பை சிவந்து நீர் கோத்துக்கொள்ளும், கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஈசினோஃபில் வெள்ளணுக்களும் உள்ளே வந்து சேரும். பிறகு ஐ.ஜி.எஃப்.1, சைக்ளின்கள் போன்ற வளர்ச்சிக்கான கூட்டம் மேலே வரும். டி.என்.ஏ. நகலெடுப்பும் செல் பிரிவும் உச்சம் தொடுவது 16 முதல் 24 மணி நேரத்துக்குள். லாக்டோஃபெரின் போன்ற சுரப்புப் புரதங்களின் அளவு ஏறுவதும் இந்தப் பிற்பகுதியில்தான்.

எஸ்ட்ரியால் கொடுத்தால் முதல் அலை ஒழுங்காக வரும். ஒரே ஒரு ஊசியோடு விட்டால் இரண்டாவது அலை பலவீனமாகவே இருக்கும், ஏனென்றால் ஏற்பியைவிட்டு அது சீக்கிரம் விலகிவிடும். தொடர்ந்து கிடைக்கும்படி கொடுத்தால் எஸ்ட்ரியாலும் கருப்பையை வளர்க்கும். 'வலுவற்ற ஈஸ்ட்ரோஜன்' என்ற பட்டத்தில் பாதி, கால அளவின் விளையாட்டு.

மேற்புறப் படலச் செல்களில் ஏற்பி இருக்கிறது. பிறகு ஏன் 'உத்தரவு ஸ்ட்ரோமாவிலிருந்து (அடியில் தாங்கும் திசுவிலிருந்து) வருகிறது' என்கிறார்கள்?

இந்தத் துறையிலேயே அழகான சோதனைகளில் ஒன்று இதற்கு விடை சொன்னது. ஆல்ஃபா ஏற்பி உள்ள எலியிலிருந்தும் இல்லாத எலியிலிருந்தும் கருப்பையின் எபிதீலியத்தையும் (மேற்புறப் படலத்தையும்) அதன் அடியில் இருக்கும் ஸ்ட்ரோமாவையும் தனித்தனியே பிரித்து, மாற்றி மாற்றி ஒட்டி வளர்த்தார்கள். 1997-இல் வந்த முடிவு இது. எபிதீலியத்தில் ஏற்பி இல்லாவிட்டாலும், கீழே இருக்கும் ஸ்ட்ரோமாவில் ஏற்பி இருந்தால் எபிதீலியம் பெருகியது. ஸ்ட்ரோமாவில் ஏற்பி இல்லையென்றால், எபிதீலியத்தில் இருந்தும் பயனில்லை.

அதாவது, ஈஸ்ட்ரோஜன் ஸ்ட்ரோமாவிடம் பேசுகிறது. ஸ்ட்ரோமா ஐ.ஜி.எஃப்.1, எஃப்.ஜி.எஃப். குடும்பத்தைச் சேர்ந்த வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து மேலே இருக்கும் படலத்தைப் பெருகச் சொல்கிறது. அப்படியானால் எபிதீலியத்தில் இருக்கும் ஏற்பி எதற்கு? 2010-இல் எபிதீலியத்தில் மட்டும் ஏற்பியை நீக்கிய எலிகள் வந்தபோது அதற்கும் பதில் கிடைத்தது. அந்த எலிகளிலும் எபிதீலியம் பெருகியது, ஆனால் பெருகிய செல்கள் நிலைக்காமல் மடிந்தன. லாக்டோஃபெரின் எழும்பவே இல்லை. பெருகுவது அண்டைவீட்டார் தயவில், பிழைப்பதும் சுரப்பதும் சொந்த ஏற்பியின் தயவில்.

எபிதீலியச் செல்லை மட்டும் தட்டில் வளர்த்து எஸ்ட்ரடையால் ஊற்றி 'பெருகவில்லையே' என்று கைபிசைபவர்களுக்கான பதிலும் இதுவே.

புரோஜெஸ்ட்ரோன் இதில் எங்கே வருகிறது?

முதலில் ஈஸ்ட்ரோஜனே அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியின் மரபணு ஈஸ்ட்ரோஜனின் செவ்வியல் இலக்கு. ஈஸ்ட்ரோஜன் முன்னால் வந்து பதப்படுத்தாத கருப்பையில் புரோஜெஸ்ட்ரோன் பெரிதாக எதுவும் செய்யாது. எலியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எஸ்ட்ரடையால் ஸ்ட்ரோமாவில் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியைக் கூட்டும், அதே நேரத்தில் மேற்புற எபிதீலியத்தில் குறைக்கும். முழுக் கருப்பையை அரைத்து அளந்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி 'மாற்றம் இல்லை' என்று காட்டக்கூடும்.

கதவு திறந்து உள்ளே வந்த புரோஜெஸ்ட்ரோன், திறந்துவிட்டவரையே வெளியே அனுப்புகிறது. அதற்கு மூன்று வழிகள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அளவைக் குறைக்கிறது. 17-பீட்டா டிஹைட்ரோஜினேஸ் 2-ஆம் வகை நொதியைக் கூட்டி எஸ்ட்ரடையாலை வலுக் குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றுகிறது, சல்ஃபேட் ஏற்றும் நொதியைக் கொண்டு மிச்சத்தை முடக்குகிறது. ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்2 என்ற மரபணுவை எழுப்பி, மேலே சொன்ன எஃப்.ஜி.எஃப். செய்தியை நிறுத்துகிறது. மூன்றாவது வழி எலியில் 2011-இல் காட்டப்பட்டது.

கருப்பை உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பின் முழு உடலுக்கான ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை கொடுக்கும்போது புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்ப்பதற்கு இதுதான் காரணம். விட்டு விட்டுக் கொடுக்கும் முறையில் மாதம் 12 நாட்களாவது அது வேண்டும். இல்லையென்றால் பெருகு என்ற செய்தி தொடர்ந்து போய், உட்படலம் மிகையாகத் தடித்துப் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறும்.

கரு பதிவதற்கு ஈஸ்ட்ரோஜன் தேவையா?

எலிக்குக் கட்டாயம் தேவை. கர்ப்பத்தின் 4-ஆம் நாள் காலையில் சினைப்பையிலிருந்து ஒரு சிறு ஈஸ்ட்ரோஜன் அலை வரும். அது கருப்பைச் சுரப்பிகளில் எல்.ஐ.எஃப். என்ற சைட்டோகைனின் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதத்தின்) மரபணுவை எழுப்பும். அன்று இரவே கரு பதியத் தொடங்கும். எல்.ஐ.எஃப். மரபணு இல்லாத எலிகளில் கரு நன்றாக உருவானாலும் பதிவதில்லை.

இங்கே அளவு மிக முக்கியம். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்தால் கருப்பை கருவை ஏற்கும் சாளரம் நீண்டு திறந்திருக்கும், அதிகமானால் சட்டென்று மூடிக்கொள்ளும் என்று 2003-இல் எலியில் காட்டினார்கள். மனிதரில் கரு பதியும் தருணத்தில் தனியாக ஒரு ஈஸ்ட்ரோஜன் அலை கட்டாயம் என்பதில்லை. முன்பே ஈஸ்ட்ரோஜனால் தடித்த உட்படலமும் அதற்குப் பின் புரோஜெஸ்ட்ரோனும் இருந்தால் போதும். உறைகரு மாற்றத்துக்கான ஹார்மோன் தயாரிப்பும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

கருக்குழாய், கருப்பை வாய், யோனி?

கருக்குழாயில் ஈஸ்ட்ரோஜன் சுரப்புச் செல்களைத் தூண்டுகிறது, ஓ.வி.ஜி.பி.1 என்ற கிளைக்கோபுரதம் அதன் அடையாளச் சரக்கு. குற்றிழைகள் முளைப்பதற்கும் அது துணை. அதைவிட வியப்பான வேலை ஒன்றை 2015-இல் எலியில் கண்டார்கள். எபிதீலியத்தின் ஆல்ஃபா ஏற்பி சில புரதச் சிதைப்பு நொதிகளை அடக்கி வைத்திருக்கிறது. ஏற்பியை நீக்கியதும் அந்த நொதிகள் கட்டவிழ்ந்து கருவையே அழித்தன. ஈஸ்ட்ரோஜன் என்றாலே மரபணுவைத் தூண்டுவது என்று நினைக்கிறோம். இங்கே உயிர் காப்பது அடக்குதல்.

கருப்பை வாயில் சளியின் தன்மையே மாறுகிறது. கருமுட்டை வெளிவரும் நாளை ஒட்டி, அயனிக் கால்வாய்களும் மியூசின் மரபணுக்களும் ஈஸ்ட்ரோஜனுக்கு ஏற்ப மாறி, சளியில் தண்ணீர் 95 சதவீதத்துக்கு மேல் போகும். இரு விரலுக்கிடையே இழுத்தால் 8 முதல் 10 செ.மீ. வரை அறுந்துபோகாமல் நீளும். கண்ணாடித் தகட்டில் காயவிட்டால் உப்புப் படிகம் பெரணி இலைபோலக் கிளைவிடும். புரோஜெஸ்ட்ரோன் வந்ததும் பெரணி மறைந்துவிடும், சளி பிசின்போல ஆகும்.

யோனியில் ஈஸ்ட்ரோஜன் எபிதீலிய அடுக்குகளைக் கூட்டுகிறது, செல்களில் கிளைக்கோஜனைச் சேர்க்கிறது. அது உடைந்து லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவுக்கு உணவாகி லாக்டிக் அமிலமாகிறது. இனப்பெருக்க வயதில் பி.எச். சுமார் 3.8 முதல் 4.5 வரை நிற்பது இதனால்தான். மாதவிடாய் நின்ற பின் இது 5-ஐத் தாண்டும், படலம் மெலியும். உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் மாத்திரை, முதல் 2 வாரம் தினமும் பிறகு வாரம் இருமுறை என்ற சிறு அளவிலேயே இதைத் திருப்பிவிடும். எலியில் கிளைக்கோஜனுக்குப் பதில் கெரட்டின் ஏறிச் செல்கள் செதில்களாக உதிரும். யோனிப் பூச்சில் உட்கரு இல்லாத செதில்கள் நிறைந்திருந்தால் அது ஈஸ்ட்ரஸ் நாள், அதாவது எலி இணைசேரத் தயாரான நாள்.

மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மார்பகத்தில் தடுக்கிறது, கருப்பையில் தூண்டுகிறது. எப்படி?

டாமோக்சிஃபென் ஏறிய ஏற்பியில் 12-ஆவது சுருள் சரியாக மூடுவதில்லை, துணைப் புரதங்களுக்கான பள்ளத்திலேயே போய்ப் படுத்துவிடுகிறது. ஆனால் ஏற்பியின் முன்முனையில் இன்னொரு தூண்டும் பகுதி உண்டு, அதை டாமோக்சிஃபென் தடுப்பதில்லை. எஸ்.ஆர்.சி.1 தாராளமாக இருக்கும் கருப்பை உட்படலச் செல்லில் அந்த வழியாகவே மரபணு எழும்பிவிடும். 2002-இல் வந்த ஆய்வில், எஸ்.ஆர்.சி.1-ஐக் குறைத்ததும் டாமோக்சிஃபெனின் இந்தத் தூண்டல் மறைந்தது. அது தூண்டியவற்றில் மிக், ஐ.ஜி.எஃப்.1 ஆகிய மரபணுக்களும் உண்டு. அதே வகை மருந்தான ரலாக்சிஃபென் உட்படலத்தை இப்படித் தூண்டுவதில்லை. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற மருந்து ஏற்பியையே அழித்துவிடுவதால் எங்கும் தூண்டலுக்கு இடமில்லை.

கருவிலேயே ஈஸ்ட்ரோஜன் பட்டால் தழும்பு நிற்குமா?

நிற்கும். டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 1938-இல் தயாரிக்கப்பட்டது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971-இல் பாஸ்டனில் அரிய வகை யோனிப் புற்றுநோய் கண்ட 8 இளம்பெண்களை ஆராய்ந்தபோது, 7 பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் இந்த மருந்தை எடுத்திருந்தது தெரிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது.

இனப்பெருக்கப் பாதை உருவாகும்போது ஹாக்ஸ் குடும்ப மரபணுக்களில் ஏ9 கருக்குழாய்க்கும், ஏ10 கருப்பைக்கும், ஏ11 கருப்பையின் கீழ்ப்பகுதிக்கும் கருப்பை வாய்க்கும், ஏ13 மேல் யோனிக்கும் எல்லை வகுக்கின்றன. இந்த மருந்து அந்த எல்லைகளைக் குலைக்கிறது. 'டி' வடிவக் கருப்பை அதன் ஒரு முகம். பிறந்த எலிக்குட்டிக்கு முதல் 5 நாள் இந்த மருந்தைக் கொடுத்தால், வளர்ந்து சினைப்பையை எடுத்த பிறகும் கருப்பையில் லாக்டோஃபெரின் எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த மரபணுவின் புரொமோட்டரில், மரபணுவை அடக்கி வைக்கும் மெத்தில் குறிகள் கழன்றுபோயிருந்தன. மருந்து போய்ப் பல மாதம் கழித்தும் குறி திரும்பவில்லை.

எண்டோமெட்ரியோசிஸில் என்ன பிசகு?

இந்த நோயில் கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது. இடம் மாறி வளரும் அந்தத் திசு தனக்குத் தேவையான எஸ்ட்ரடையாலை அரோமட்டேஸ் என்ற நொதி மூலம் தானே தயாரிக்கிறது. அதை முடக்கவேண்டிய 17-பீட்டா டிஹைட்ரோஜினேஸ் 2-ஆம் வகை குறைந்திருக்கிறது. பீட்டா ஏற்பியின் புரொமோட்டரில் மெத்தில் குறி குறைவதால் அந்த ஏற்பி வழக்கத்தைவிட மிக அதிகம். புரோஜெஸ்ட்ரோன் சொல்லையும் அது சரியாகக் கேட்பதில்லை.

செல் சவ்விலிருந்து நிமிடங்களில் வரும் வேகமான விளைவுகள்?

உண்டு. ஆல்ஃபா ஏற்பியின் ஒரு சிறு பங்கு, பால்மிட்டேட் என்ற கொழுப்பமிலம் ஒட்டிச் சவ்வில் அமர்கிறது. சவ்வில் அமர முடியாதபடி ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளில் கருப்பை பெரும்பாலும் வழக்கம்போலவே பதில் சொன்னது. இனப்பெருக்கப் பாதையைப் பொறுத்தவரை முதன்மைப் பாதை உட்கருவழிதான் என்பது எங்கள் கருத்து.

செல் வளர்ப்பில் ஈஸ்ட்ரோஜன் சோதனை செய்யும்போது எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் எஸ்ட்ரடையாலை ஊற்றுவதற்கு முன்பே தவறிவிடுகிறது. ஊடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் மெல்லிய ஈஸ்ட்ரோஜன்போல நடந்துகொள்ளும், 1986-இலேயே இது காட்டப்பட்டது. சீரத்திலும் ஹார்மோன் இருக்கும். எனவே ஃபீனால் ரெட் இல்லாத ஊடகமும், டெக்ஸ்ட்ரான் பூசிய கரியால் ஹார்மோன் உறிஞ்சி எடுக்கப்பட்ட சீரமும் வேண்டும். அதில் செல்களை 48 முதல் 72 மணி நேரம் பட்டினி போட்ட பிறகே ஹார்மோன் கொடுக்க வேண்டும். பட்டினி போதாவிட்டால், ஹார்மோன் கொடுக்காத கட்டுப்பாட்டுத் தட்டிலேயே மரபணு எழும்பி நிற்கும். '1.3 மடங்குதான் வந்தது' என்ற புகார்களில் பல இதில்தான் முடிகின்றன.

இருப்புக் கரைசலை இப்படித் தயாரிக்கலாம். எஸ்ட்ரடையாலின் மூலக்கூறு எடை 272.4. 2.72 மி.கி. எடுத்து 1 மி.லி. தூய எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே ஆயிரம் மடங்கு நீர்த்தால் 10 மைக்ரோமோலார். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மி.லி. ஊடகத்தில் விட்டால் 10 நானோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே 0.1 சதவீத எத்தனால் போக வேண்டும். நீர்த்த கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், ஸ்டீராய்டு பிளாஸ்டிக்கில் ஒட்டும். சில பிளாஸ்டிக் தாமாகவே ஈஸ்ட்ரோஜன்போல நடக்கும் பொருட்களைக் கசியவும் விடும், 1991-இல் சோதனைக் குழாய்களிலிருந்து நோனைல்ஃபீனால் கசிந்தது இப்படித்தான் பிடிபட்டது.

உட்படலத்திலிருந்து புதிதாகப் பிரித்த செல்கள் தட்டில் சில நாட்களிலேயே ஏற்பியை இழக்கத் தொடங்கும். முதலில் ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

ஒரு மரபணு ஈஸ்ட்ரோஜனின் நேரடி இலக்கா என்று எப்படிச் சொல்வது?

ஒரே சோதனை போதாது. முதலில் 1 மைக்ரோமோலார் ஃபுல்வெஸ்ட்ரன்ட் சேர்த்தால் எழுச்சி அடங்குகிறதா பாருங்கள், அடங்கினால் ஏற்பிவழி என்று உறுதி. அடுத்து புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்தும் ஆர்.என்.ஏ. எழும்பினால் இடையில் புதுப் புரதம் தேவையில்லை என்று பொருள். இதில் ஒரு பொறி உண்டு. ஃபாஸ், மிக் போன்ற மரபணுக்களின் ஆர்.என்.ஏ. சைக்ளோஹெக்சிமைடால் மட்டுமே உயரும். அதை மட்டும் கொடுத்த தட்டு ஒன்று இல்லாமல் முடிவைப் படிக்க முடியாது.

பிறகு, ஏற்பி டி.என்.ஏ.வில் எங்கே அமர்ந்திருக்கிறது என்று காட்டும் குரோமாட்டின் வீழ்படிவுச் சோதனை. எஸ்ட்ரடையால் கொடுத்து 45 நிமிடத்தில் 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் பிணைத்து, 125 மில்லிமோலார் கிளைசினால் நிறுத்துவது வழக்கம். 24 மணி நேரம் கழித்துப் பிணைத்தால் ஏற்பியின் பெரும்பகுதி சிதைந்து முடிந்திருக்கும். ஏற்பி அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அந்த இடம்தான் மரபணுவை இயக்குகிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்ல, அந்த என்ஹான்சரை வெட்டிப் பார்க்க வேண்டும்.

விலங்குச் சோதனையில் கவனிக்க வேண்டியவை?

ஒரு பொருள் ஈஸ்ட்ரோஜன்போல நடக்கிறதா என்று கருப்பையின் எடையை வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 440-ஆம் வழிகாட்டி இருக்கிறது. தொடர்ந்து 3 நாள் மருந்து, கடைசி மருந்துக்கு 24 மணி நேரம் கழித்து எடை, குழுவுக்குக் குறைந்தது 6 விலங்குகள். சினைப்பை எடுத்த வெள்ளெலியில் குறைந்தது 14 நாளும் சுண்டெலியில் 7 நாளும் காத்திருந்தால்தான் கருப்பை அடிநிலைக்குச் சுருங்கும். அவசரப்பட்டால் அடிநிலையே உயர்ந்திருக்கும். தீவனத்தில் சோயா இருந்தால் அதன் ஜெனிஸ்டீனே கருப்பையைப் பெருக்கிவிடும், வழிகாட்டி கிராமுக்கு 350 மைக்ரோகிராம் என்ற வரம்பைச் சொல்கிறது. எடைபோடும் முன் கருப்பைக் கொம்பில் (எலிக் கருப்பையின் இரு கிளைகளில் ஒன்றில்) தவறிக் குத்திவிட்டால் உள்ளிருக்கும் நீர் போய்விடும். நீரோடு ஒரு எடை, வடித்துவிட்டு ஒரு எடை என்று இரண்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.என்.ஏ. அளப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜி.ஏ.பி.டி.எச்., பீட்டா ஆக்டின் இரண்டும் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனால் மாறக்கூடியவை, ஒப்பீட்டு மரபணுவாக அவற்றை நம்பாதீர்கள். மூன்று நான்கு மரபணுக்களை உங்கள் மாதிரியிலேயே சோதித்து நிலையானதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, 6 மணி நேரத்தில் ஈசினோஃபில்கள் வந்துவிடும் என்று மேலே சொன்னோம். அவற்றின் மரபணுக்கள் உங்கள் பட்டியலில் 'ஈஸ்ட்ரோஜன் தூண்டியவை' என்று வந்து உட்காரும். வந்தது புது வெளிப்பாடா, புது செல்லா என்பதை எபிதீலியத்தைத் தனியே பிரித்தோ தனிச்செல் ஆர்.என்.ஏ. வாசிப்பிலோதான் அறியலாம்.

ரத்தத்தில் எஸ்ட்ரடையால் அளவு தெரிந்தால் திசுவில் நடப்பதைச் சொல்லிவிடலாமா?

முடியாது. மேலே சொன்ன நொதிகள் திசுவுக்குள் எஸ்ட்ரடையாலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. ஒரே அளவு எஸ்ட்ரடையால் சுழற்சியின் 10-ஆம் நாளும் 21-ஆம் நாளும் இருக்கலாம். 10-ஆம் நாளில் உட்படலம் பெருகும், 21-ஆம் நாளில் புரோஜெஸ்ட்ரோனின் பிடியில் சுரக்கும். அளவிலேயும் சந்தேகம் வரலாம். மாதவிடாய் நின்றவர்கள், குழந்தைகள் ஆகியோரின் குறைந்த அளவுகளை வழக்கமான நோயெதிர்ப்புச் சோதனை சரியாகப் பிடிப்பதில்லை, நிறை நிறமாலை முறை வேண்டும். பயோட்டின் மாத்திரை அதிக அளவில் எடுப்பவர்களிடம் சில கருவிகள் எஸ்ட்ரடையாலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஊசி குத்துவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.